எண்பத்தெட்டாம் அட்டை

முத்துத்தாய் சோழவந்தானிலிருந்து முதல் பேருந்தில் வந்து, நான் பிழை திருத்துநராக இருந்த மதுரை அச்சகத்தின் வாசலில் வெற்றிலைக் கூடையை இறக்குவார். 1993 முதல் பல ஆண்டுகள் அவரை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஈரச் சாக்கை விலக்கி, நூறு நூறாக அடுக்கிய கவுளிகளைப் பிரித்து, பூச்சி கடித்த இலைகளைத் தனியே ஒதுக்குவார். அவற்றை யார் கேட்டாலும் விற்கமாட்டார். எழுத்தறியாதவர், கையெழுத்து வேண்டிய இடத்தில் ரேகை வைப்பார்.

என் படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு நின்றது. வீட்டுமொழி சௌராஷ்டிரம். தமிழைத் தெருவிலும், ஆங்கிலத்தை அச்சுப் படிகளைத் திருத்தித் திருத்தியும் கற்றேன். அவ்வாறு கற்கையில் என்னை நெடுநாள் அலைக்கழித்த ஆங்கிலச் சொல் 'டேக்' (take). நீண்ட சொற்கள் ஓரிரு பொருளோடு அடங்கிவிடும். இந்தச் சிறு சொல்லுக்கு அகராதி இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தது. பொருள்களும் இணைச்சொற்களும் அதில் இருந்தன. மதுரையில் ஒருவர் அதை எப்படிச் சொல்வார் என்பது இல்லை.

ஆகவே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரு தமிழ் வாக்கியத்தை, வினைச்சொல்லை மட்டும் விட்டுவிட்டு, முத்துத்தாயிடம் சொல்வேன். அவர் நிரப்புவார்.

"அக்கா, மாத்திரையை..."

"முழுங்கணும்."

"பஸ்ஸுல வர ஒரு மணி நேரம்..."

"பிடிக்கும். டிரைவர் டீ குடிச்சா ஒன்றரை."

"போட்டோ..."

"பிடிப்பாக. ஓட்டு கார்டுக்கு என்னைய பிடிச்சாக. அதுல எங்க மாமியா மாதிரி இருக்கேன்."

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்றபோது அவர் வியந்தார். "ஒத்தச் சொல்லா அம்புட்டு வேலையும் பாக்குது? பாவம் தம்பி அது!"

ஒவ்வொரு விடையையும் ஓர் அட்டையில் எழுதினேன்: வரிசை எண், நாள், வாக்கியம், சொன்னவர் பெயர். நூற்று நாற்பத்தேழு அட்டைகள் சேர்ந்தன.

எண்பத்தெட்டாவது அட்டைக்கு நான் கேட்டது, "ஏச்சு, வலி, இதையெல்லாம்..."

"பொறுத்துக்கிறது," என்றார். பிறகு, "எம்புருசன் இன்னொருத்தியைத் திருப்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் பொறுத்துக்கிட்டேன். மககிட்ட வேலைக்குப் போயிருக்காருன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

ஒரே மூச்சில் 'டேக்'குக்கு இரண்டு பொருள்கள் கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்து முதல் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக்கொண்டேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

1998இல், ஒத்தக்கடையில் தனிப்பயிற்சி நிலையம் நடத்திய அழகுராஜா வினாத்தாள் அச்சடிக்க வந்தார். அட்டைகளைப் பார்த்து நான் படியெடுத்திருந்த நோட்டை, "ரெண்டு நாள்ல தாரேண்ணே" என்று வாங்கிப் போனார். நோட்டில் வாக்கியங்கள் மட்டுமே இருந்தன. சொன்னவர் பெயர்கள் இல்லை. சொன்னபடியே திருப்பித் தந்தார். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் நான் கையெழுத்து வாங்கவில்லை. என் கோப்புகளில் இல்லாத தாள் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, கூடையை இறக்கும் முன்னரே முத்துத்தாய் கேட்டார்: "தம்பி, நான் உங்ககிட்ட சொன்னதை எம்மக பொஸ்தகத்தைப் பாத்து ஒப்பிக்கிறாளே, எப்படி? 'யாரும்மா இந்தப் பொம்பளை, பாவம்'னு என்கிட்டயே கேக்குறா."

அவர் மகள் ரோகிணி பத்தாம் வகுப்பில் தவறி, அழகுராஜாவின் நிலையத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே கொடுத்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியங்கள், என் வரிசை, நான் இட்ட காற்புள்ளிகள். புத்தகத்தின் மேலட்டையில் 'தொகுப்பு: அழகுராஜா' என்றிருந்தது.

ஒத்தக்கடைக்குப் போனேன். "ஏண்ணே, டேக்குங்கிறது உங்க பூர்வீகச் சொத்தா?" என்று அவர் சிரித்தார். எண்ணும் நாளும் இட்ட அட்டைகள் இருப்பதைச் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. பிள்ளைக முன்னாலயே பரப்புங்க. ஒண்ணுல இருந்து நூத்து நாப்பத்தேழு வரை விடாம இருந்தா அடுத்த பதிப்புல உங்க பேரு. ஒண்ணு கொறைஞ்சாலும் எம்பேரு."

அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அட்டைகளைச் சரிபார்க்கையில் எண்பத்தெட்டில் கை நின்றது. வாக்கியத்தின் கீழே என் தெளிவான எழுத்தில்: 'சொன்னவர்: முத்துத்தாய், சோழவந்தான்'. ரோகிணி அந்த வகுப்பில் இருப்பாள். பெயரை அடித்துவிடலாம், ஆனால் அடித்த ஆவணத்தை நானே ஏற்கமாட்டேன்.

மறுநாள் காலை முத்துத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இலையைப் பிரித்துக்கொண்டே கேட்டவர், நிமிராமல் சொன்னார்: "உங்களுக்குப் பேரு வேணும்னா காட்டிருங்க தம்பி. நான் பொறுத்துக்கிடுவேன்."

ஞாயிறன்று பெஞ்சுகளின்மேல் அட்டைகளைப் பரப்பினேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டவர்களுள் ரோகிணியும் ஒருத்தி. அழகுராஜா குனிந்து எண்ணிக்கொண்டே வந்தார்.

"எண்பத்தெட்டு எங்கண்ணே?"

"இல்லை."

"தொலைஞ்சு போச்சா, இல்ல இன்னும் எழுதவே இல்லையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கிக் கட்டினேன்.

2000இலும் 2003இலும் மறுபதிப்புகள் அழகுராஜாவின் பெயரிலேயே வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு படி வைத்திருக்கிறேன். ரோகிணி அடுத்த தேர்விலேயே தேறினாள். என் அட்டைக்கட்டினுள் எண்பத்தேழுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவே ஒரு ரசீது உள்ளது: '88ஆம் எண் அட்டை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 14-11-1998, சனிக்கிழமை.' கீழே அச்சு மையில் பெருவிரல் ரேகை.

அன்று அதைப் படித்துக் காட்டியபோது முத்துத்தாய், "இதுக்குமா ரேகை?" என்று சிரித்தார். அட்டையை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் செருகினார். பிறகு, ஒதுக்கி வைத்திருந்த பூச்சி கடித்த இலை ஒன்றை எடுத்து விரலின் மையைத் துடைத்துக்கொண்டார்.