நிக்கொலஸ் சம்மாட்டி வாங்கிய துரையின் கார்

கண்டக்குழியில் சொந்தமாகக் கரைவலையும் தோணியும் வைத்திருந்த சம்மாட்டிகளில் நிக்கொலஸ் சம்மாட்டியைப்போல் கை சுத்தமான மனுசன் வேறு கிடையாது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் வலை இழுத்தவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டார். குடியில்லை, சூதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு காரால் கெட்டார் என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. அவருடைய வலையை நம்பித்தான் எங்கள் கரையில் பாதி வீடுகளில் அடுப்பெரிந்தது.

இரண்டாவது ஜேர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருசம், மதுரங்குளிப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார். நிக்கொலஸ் போனது ஒரு தையல் மெஷினுக்காக. வந்தது காரோடு. கறுப்புக் கார். உள்ளே தோல் ஆசனம், வழுவழுத்த மரத்தில் பதித்த மணிக்கூடு, பின்னால் இருப்பவர்களுக்குப் பட்டுத் திரை. புதிதாக வாங்கினால் பத்துத் தோணி விலை. ஏலத்தில் ஒரு தோணி விலைக்கு விழுந்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோட்டத்துக் காவல்காரனே சொல்லியிருப்பான். அது மாதத்தில் பாதி நாள் பழுதாகிக் கொட்டிலில்தான் கிடந்தது.

கொடுத்த காசு, வாடைக் காலத்துக்குப் புது வலை கட்ட வைத்திருந்த காசு. எங்கள் பக்கத்தில் வாடையில்தான் கடல் அடங்கும், அப்போதுதான் கரைவலை இழுக்கலாம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலை ஆளை விடாது.

"இதில ஏறி எங்க போறது? கடலுக்கா?" என்று அவர் மனைவி அனஸ்தாசியா கேட்டாள்.

"கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுவம். அதுவே உழைச்சுத் தரும்" என்றார்.

உழைத்துத் தந்த லட்சணத்தைச் சொல்கிறேன். வாடகைக்குப் போன ஒரே கலியாணம் எத்தாளையில். மணலில் ஏறியதும் தண்ணீர் கொதித்து, முன்பக்கம் அடுப்பிலிட்ட கேத்தலாகப் புகைந்தது. மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக இறங்கிக் காரைத் தள்ளினார். அடுத்து காரின் அடியில் பாரம் தாங்கும் வில் உடைந்தது. பிறகு பற்றரி செத்தது. மணிக்கூடு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை, அந்தச் சனியனுக்கு என்ன கேடு!

புத்தளத்தில் கராஜ் வைத்திருந்த ஹாசிம் பாஸ் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "இது துரைமார்ட சாமான், சம்மாட்டியார். ஓட்டினாலும் செலவு, நிப்பாட்டி வச்சாலும் செலவு. ஒரு ஆணி வேணுமெண்டாலும் சீமையில இருந்துதான் வரோணும். வித்துப்போடுங்க."

"ஆர் வாங்குவான்?"

"அதுவும் சரிதான்" என்றார் பாஸ்.

வில் மாற்றிய செலவுக்குப் பழைய தோணி விலைபோயிற்று. பற்றரிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் வலைக்கயிறு போயிற்று. அந்த வாடையில் பழைய வலையை ஒட்டுப்போட்டு இழுத்தோம். மீன் எங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஓட்டையால் போனது. எங்களோடு வலை இழுத்த யாக்கோபு பெண்சாதி பிள்ளைகளோடு உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான். அவன் கடைசிப் பிள்ளைக்கு உப்புத்தண்ணீரில் கால் வெடித்துப் புண்ணாகி, அது மாதக்கணக்கில் ஆறவில்லை. சம்மாட்டிக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன செய்தார்? காருக்கு ரயர் வாங்கினார். நல்ல மனுசன்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

சோளகம் வந்தது. உப்புக்காற்று காரின் அடிப்பக்கத்தைத் தின்னுகிறது, நல்ல தண்ணீரால் கழுவுங்கள் என்று பாஸ் சொல்லியிருந்தார். குடிக்கவே நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து சுமக்கிற ஊரில் காரை எங்கே கழுவுவது? நிக்கொலஸுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சோளகத்தில் தோணியைக் கரையேற்றி, உப்பும் பூச்சியும் அண்டாமல் சுறா எண்ணெய் பூசுவோம். காரையும் தோணிகளுக்குப் பக்கத்தில் மரக்குற்றிகளில் ஏற்றி, கீழே படுத்து, சந்துபொந்தெல்லாம் விடாமல் பூசச் சொன்னார். பூசினார்கள். நாற்றம் கோயில் வரைக்கும் வந்தது.

கிளச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் எண்ணெய் இறங்கியது. றப்பர்க் குழாய்கள் தேத்தண்ணீரில் ஊறிப்போன பாண்போல் வீங்கின. மதுரங்குளிச் சந்தியில் அவர் பிரேக்கை அழுத்த, கார் ஒரு வேலியையும் கோழிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு போய் நின்றது. ஆளுக்குச் சேதமில்லை.

பாஸ் தலையில் கை வைத்தார். "அல்லாவே, இது இரும்பும் றப்பரும், சம்மாட்டியார். மரமெண்டா நினைச்சீங்க?"

அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. சீமைச் சாமான் வருவது அரிதாகி, விலை ஏறியது. விட்டுவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். இவ்வளவு கொட்டியதை எப்படி விடுவது என்றார் அவர். மிச்சமிருந்தது வலையும், ஒரு தோணியும், பாடு என்று நாங்கள் சொல்லும், கரையில் வலை இழுக்கிற இடத்தின் உரிமையும்தான்.

"வலை போனா நாங்க ஆர்?" என்று அனஸ்தாசியா வாசலில் நின்று அழுதாள். "கரையில உங்கள ஆர் மதிப்பான்?"

அவர் காது கொடுக்கவில்லை. மூன்றையும் கற்பிட்டி ஜபார் முதலாளிக்கு விற்றார். கார் கராஜிலிருந்து திரும்பி வந்தது, இரண்டு மாதம் ஓடியது, பிறகு கியர்ப்பெட்டி போய் வீட்டு வேலிக்குள் படுத்தது.

அடுத்த வாடையில் ஜபாரின் வலையை இழுக்க நாங்கள் கயிற்றில் நின்றபோது நிக்கொலஸும் வந்து எங்களோடு நின்றார். அன்று நல்ல மீன் பட்டது. ஜபார் தன்மையான மனிதர். "நீங்களே பங்கு போடுங்க, சம்மாட்டியார். ஒங்களுக்குப் பழகின வேலைதானே" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

நிக்கொலஸ் மணலில் குந்தியிருந்து, எங்கள் வழக்கப்படி வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு என்று முதலாளிக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு ஆளுக்கு ஆள் கூறு போட்டார். தனக்கும் ஒரு கூறு, மற்றவர்களுடையதைவிடச் சின்னதாக. உப்பளத்திலிருந்து திரும்பியிருந்த யாக்கோபு குனிந்து எல்லாவற்றையும் பார்த்தான்.

"காருக்கு எங்க பங்கு, சம்மாட்டியார்?" என்றான்.

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். நிக்கொலஸ் தன் கூறை இரண்டு கையாலும் அள்ளி யாக்கோபின் கூறின்மேல் போட்டுவிட்டு, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அனஸ்தாசியாவின் வீட்டில் மீன்கறி இல்லை.

யாக்கோபு அந்த மீனை வேண்டாம் என்று சொல்லவில்லை.