என் வீட்டில் நான் எந்தக் குடும்பம்?

இன்று காலை லண்டன் ரயிலில் என்னோடு வேலை செய்யும் சில்வியைக் கண்டேன். கியூபெக்கில் பிறந்த பிரெஞ்சுக் கனடாக்காரி. தன் பரம்பரையைத் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தாள்.

"அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் மரி என்றுதான் ஞானஸ்நானம். பையன்கள் எல்லாரும் ஜோசப். போதாததற்கு அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு இன்னொன்று. இதில் என் பூட்டி எந்த மரி?"

எனக்குத் தலை சுற்றியது.

"எங்கள் முறை லேசு," என்று கொஞ்சம் பெருமையாகவே தொடங்கினேன். "என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், நல்லதம்பி. மனைவி, பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் என் பெயர், தெய்வேந்திரன்."

சில்வி யோசித்தாள்.

"அப்படியென்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர், உனக்கு மட்டும் வேறு. நீ எந்தக் குடும்பம்?"

விம்பிள்டனில் நான் இறங்கியபோது அந்தக் கேள்வியும் என்னோடு இறங்கியது.

மாலையில் மனைவியிடம் அதையே கேட்டேன். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நாங்கள் எல்லாரும் உங்கட பேரோடதான் இருக்கிறம். நீங்கள்தான் இன்னும் உங்கட அப்பா வீட்டில இருக்கிறியள்."

இதே நிலையில் உள்ள அண்ணைமார் கொமென்டில் வாருங்கள். நாமாவது ஒரு குடும்பமாகச் சேர்ந்துகொள்ளலாம்.