தாருக்கு அடியில் இருந்த ஈரம்

ஏகாம்பரத்தின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். துருவின் மேல் பழியைப் போடாதீர்கள்... நான்!

உத்திரமேரூரில் அந்நாளில் காருக்கு அடிப்பூச்சு என்றால் என் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க, சேற்றைச் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகே தாரைக் காய்ச்சிப் பூச வேண்டும். அந்த இரண்டு நாள்தான் தொழில். தார் பூச யாருக்குத்தான் தெரியாது?

எழுபதுகளின் கடைசி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வண்டி பூஜைக்குத் தயாராக வேண்டும் என்று ஊரே என் வாசலில் நின்றது. ரைஸ் மில் முதலாளியின் அம்பாசிடரை அதன் டிரைவர் ஏகாம்பரம் கொண்டுவந்தான். மானாம்பதிக்காரன். வீட்டுப் பசுவைக் கழுவுவதுபோல் அந்த வண்டியைக் கழுவுகிறவன்.

காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஷெட்டில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கி, என்னோடு அவனும் அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணே, மூலையில சேறு அப்படியே கீது. ஈரம் வேற காயல. பூஜை முடியட்டும், அப்பறமா பூசலாம்ணே.”

“இன்னாடா, எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? போய் மாலை வாங்கினு வா, போ!”

போனான். ஈரத்தின் மேலேயே பூசினேன்! அடியில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்ற திமிர். மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியபோது நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. திருப்புலிவனம் தாண்டி ஒரு பள்ளத்தில் கார் தூக்கிப்போட, பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் அடித்தகடு பிய்ந்து, முதலாளியின் மனைவியுடைய கால் உள்ளே இறங்கிவிட்டது. கணுக்கால் முறிந்தது.

காரை என் ஷெட்டுக்கே இழுத்துவந்தார்கள். குழிக்குள் இறங்கித் தாரைச் சுரண்டினேன். உள்ளே அன்றைய சேறு... அப்படியே! தகடு இருந்த இடத்தில் வெறும் துருப்பொடி. பார்த்திருந்தால் எவனுக்கும் புரிந்திருக்கும். பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்தச் சேற்றைத் துணியால் துடைத்தெடுத்தேன்.

மேலே முதலாளி கத்திக்கொண்டிருந்தார். “ஏரித்தண்ணியில வுட்டு ஓட்டிக்கினு இருந்திருக்கான், பொறுப்பத்தவன்!”

ஏகாம்பரம் என்னைத்தான் பார்த்தான். “அண்ணே, நீயே சொல்லுண்ணே. நான் தண்ணியில வுடுற ஆளா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறது... எனக்கும் தெரிந்தது!

“தண்ணி பட்டாப்பலதான் கீதுப்பா” என்றேன்.

அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரும் அவனை நம்பிச் சாவி கொடுக்கவில்லை. நெல் மூட்டை தூக்கினான். அந்த அம்மாள் கடைசிவரை விந்தி விந்தித்தான் நடந்தார்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன்? ஷெட் போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் ஒரு டிரைவர் சொன்னதே சரி என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. சீ... இதுவும் ஒரு மனமா!

சில வருடம் கழித்து ஒருநாள் ஏகாம்பரம் ஷெட்டுக்கு வந்தான். தோளெல்லாம் காய்ப்பு. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தானாகவே சொன்னான்.

“யோசிச்சு யோசிச்சுப் பாத்தேண்ணே. எங்கியோ தண்ணியில வுட்டிருக்கேன், எனக்குத்தான் நெனப்பு இல்ல. நீ பாத்து சொன்னா தப்பா இருக்குமா?”

அப்போதாவது...! வாய்வரைக்கும் வந்தது.

“இன்னொரு டீ சாப்புடுறியா?” என்றுதான் கேட்டேன்.

வேண்டாம் என்று எழுந்து போனான். போன வருடம் செத்தும் போனான்... தன்மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டே!