நாலாவது மூலை

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு நஷ்டமில்லை. நைட் ஷிஃப்ட் பார்த்த வருஷங்களில் ஒரு நிழலைக்கூட நான் கண்டதில்லை. அதை உதறிவிட்டுப் பகலுக்கு வந்த பிறகுதான் இது நடந்தது. மதியம் இரண்டு இருபது. சுட்டெரிக்கும் வெயில்.

கப்பலில் வரும் கன்டெய்னர்களை எங்கள் யார்டில் ரயிலில் ஏற்றுவார்கள். ரயில் போய்ச் சேரும் இடத்தில் லாரிக்கு மாறும். வேகனோடு கன்டெய்னரைப் பிடித்திருக்கும் நான்கு மூலைப் பூட்டுகளையும் சுத்தியலால் தட்டிக் கேட்பது என் வேலை. இறுகியிருந்தால் ‘ணங்’. விட்டிருந்தால் ‘டொக்’. நான் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும். அன்றைக்கு எஞ்சினில் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

கடைசி கன்டெய்னர். மூன்று மூலை முடிந்தது. நாலாவதைத் தட்டினேன். ணங்.

வேகனைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தேன்.

டொக்.

நாலாவது மூலையிலிருந்து.

திரும்ப ஓடினேன். யாருமில்லை. நானே தட்டினேன். ணங்.

இந்தப் பக்கம் வந்தால்... டொக். டொக்.

குனிந்து வேகனுக்கு அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் வெறும் ஜல்லி. கால்களே இல்லை...

டொக்.

மேனேஜர் வந்தார். “சிக்னல் போட்டாச்சு. கையெழுத்தப் போடுய்யா.”

“மாட்டேன் சார். கிரேன்ல தூக்கிப் பாக்கணும்.”

“மறை கழண்டுருச்சா உனக்கு?”

“எனக்கில்ல சார். பூட்டுக்கு.”

“வேலை போயிரும்.”

“போகட்டும். வண்டி போகாது.”

எஞ்சினுக்கு முன்னால் போய்த் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தேன்.

மேலேயிருந்து மச்சான் சிரித்தார். “தங்கச்சிகிட்ட காட்டாத வீராப்ப இங்க காட்டுறியே மாப்ளே!”

திட்டிக்கொண்டே மேனேஜர் கிரேனைக் கூப்பிட்டார். மற்ற மூன்று பூட்டுகளைத் திறந்துவிட்டு, நாலாவதைப் பூட்டியபடியே இழுத்தார்கள். அது பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

கன்டெய்னர் சுளுவாக மேலே போனது. பூட்டின் கழுத்து உள்ளுக்குள் அறுந்திருந்தது.



மச்சான் இறங்கி வந்தார். “அந்தப் பக்கம் தட்டிட்டிருந்த ஆளு யாரு மாப்ளே? கண்ணாடியில பாத்தேன். சுத்தியலும் கையும் மட்டும்தான் தெரிஞ்சுது.”



சாயங்காலம் கிரேன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உனக்கு முன்னாடி இதே வேலையில ஒருத்தர் இருந்தார். அவரும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னார். மேனேஜர் மிரட்டுனதும் கையெழுத்துப் போட்டுட்டார். வண்டி நகர்ந்துச்சு. கன்டெய்னர் அவர் மேலயே சரிஞ்சுது. இதே லைன்ல.”

தண்டவாளத்தைக் கை காட்டினார்.

“ஆளை எடுத்துட்டோம். சுத்தியலப் புடிச்சிருந்த கை மட்டும்... இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல.”