இரண்டு முறை தேறிய நெஞ்சு

என் வாழ்க்கையில் நான் முதல் தரமாகத் தேறிய பரீட்சை ஒன்றே ஒன்றுதான். அதையும் வேறொருவன் பெயரில் எழுதினேன். எழுதினேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

பி.ஏ. படித்தவர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் கிராம முன்னேற்ற வேலைக்குக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்தது. நாங்கள் அதன் தெற்கு வாலில் இருந்தோம். பி.ஏ.யில் மூன்றாம் வகுப்பில் தேறிய எனக்கு வக்கீல் குமாஸ்தா வேலைகூடக் கிடைக்கவில்லை. மூன்று வேளையும் சோற்றோடு ஏச்சும் தின்றுகொண்டிருந்தபோது, தேசத்தைக் கட்டி எழுப்ப வரும்படி அரசாங்கம் கூப்பிட்டது. "ஒரு வைக்கோல் படப்பு கட்டத் தெரியாதவன் தேசத்தக் கட்டப் போறானாக்கும்" என்றார் அப்பா. ஆனாலும் வண்டி கட்டிக் கொண்டுபோய் விட்டார். தொல்லை விட்டது என்ற நிம்மதி அவர் முதுகிலேயே தெரிந்தது.

குழித்துறைக்குத் தெற்கே, இனயம் போகும் பாதையிலிருந்து விலகி உள்ளே ஒரு சிற்றூர். ஐம்பது வீடு இருக்கும். தேங்காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினோம். நான், இன்னொருவன். அவன் அப்பா பனையிலிருந்து விழுந்து செத்தவர். அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவன் சம்பளத்தைப் பார்த்துத்தான் உலை வைத்தார்கள். அவர்கள் ஊரில் அவன்தான் முதல் பி.ஏ. என்னைப் போல் தற்செயலாகத் தேறியவன் இல்லை, நன்றாகப் படித்தவன்.

பயிற்சியில் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். எந்த வீட்டில் எது கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள், அதற்கப்புறம்தான் எருக்குழியைப் பற்றிப் பேச்சு. அவன் அதை வேதமாக எடுத்துக்கொண்டான். எந்த முற்றத்தில் உட்கார்ந்தாலும் ஒரு குழந்தை அவன் மடியில் வந்து ஏறிவிடும். கஞ்சித் தண்ணியோ சுக்குக் காப்பியோ, பாதியை அவன் குடிப்பான், மீதியை மடியில் இருப்பது குடிக்கும். நான் எந்த வீட்டிலும் "இப்பத்தான் குடிச்சேன்" என்பேன். உண்மையில் நா வறண்டு கிடக்கும். வாரம் இரண்டு தடவை சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவன்தான் நான். ஆனால் அந்த வீட்டு டம்ளரைக் கண்டதும், தீட்டு என்று என் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். ஒரு வருஷமாக "இப்பத்தான் குடிச்சேன்" என்ற மனிதனை அந்த ஊர் என்ன நினைத்ததோ.

முதல் வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தது. விடிகாலையில் கிணற்றடிக்குப் போனேன். அவன் துப்பிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தான். துப்பினால் மண் போட்டு மூடுங்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். மண் சிவந்திருந்தது.

"ஏலே, என்னதுலே அது?"

"வெத்தல."

"நீ எப்பம்லே வெத்தல போட்ட?"

மண்ணை இன்னொரு தடவை தள்ளி மிதித்துவிட்டு, "ரெண்டு மாசமா இருக்கு" என்றான்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போனா படம் எடுப்பான். எடுத்தா வேல போச்சு. அம்மைக்கும் பிள்ளியளுக்கும் ஒனக்க அப்பனா சோறு போடுவாரு?"

"அவரு எனக்கே போடமாட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அவனுக்கு இருமலாகி, குனிந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஒப்பந்தத் தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஒரு வருஷம் முடிந்ததும், அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து உடல்தகுதிச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இன்னொரு வருஷம். கொடுக்காவிட்டால் வீடு.

யோசனை என்னுடையது. அதை யார் தலையிலும் வைக்க முடியாது. என் சான்றை நான் முந்தின வாரமே வாங்கிவிட்டேன். அதே நெஞ்சை இன்னொரு தடவை, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவன் பெயரில் நிறுத்தினால் என்ன? நீட்டிப்பு கையில் வரட்டும், மறுநாளே நல்ல டாக்டராகப் பார்த்து வைத்தியம் தொடங்கலாம். அவன் "வேண்டாம்லே, தப்பு" என்றான். நான்கு நாள் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அந்த வாய்த்திறமையை ஊரில் காட்டியிருந்தால் வீட்டுக்கு ஒரு எருக்குழி வந்திருக்கும்.

படிவத்தில் அங்க அடையாளம் என்று ஒரு வரி. அவனுக்குக் கழுத்தில் ஒரு மச்சம். எனக்குத் தேடிப் பார்த்தாலும் ஒரு கரும்புள்ளி இல்லாத கழுத்து. நனைந்தால் மையாகிற காப்பியிங் பென்சிலை எச்சில் தொட்டு, கண்ணாடி பார்த்து நானே ஒரு மச்சம் வைத்துக்கொண்டேன். அழகாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் வெயிலில் நின்றதில் அது வேர்வையோடு கரைந்து, ஊதாக் கோடாகக் காறை எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

கம்பவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஓய், மச்சம் ஒழுகுது?"

"பொறந்ததுலேருந்தே அப்பிடித்தான்."

"வீட்டுல மச்சத்துக்கு ஒரு வாளி வச்சிருக்கீரா?"

வரிசையே சிரித்தது. அவர் ஈரத்துணியை எடுத்து என்மேல் எறிந்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல நெஞ்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதில் ஒரு கர்வமே வந்தது. வெளியே காத்திருந்த அவனும் நானும் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் புட்டும் பயறும் தின்றோம். அவன் எனக்குப் பழம் வாங்கித் தந்து, "ஒனக்க நெஞ்சுக்குத் தீனி" என்றான். ஊர் திரும்பும்வரை கம்பவுண்டரைப் போலப் பேசிக்காட்டி அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தேன்.

நீட்டிப்பு வந்தது. நல்ல டாக்டர் வரவில்லை. முதலில் மழை என்றான், பிறகு மூத்த தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றான். வைத்தியர் ஒருவர் கொடுத்த லேகியத்தை நக்கிக்கொண்டிருந்தான். நானும் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவன் உடம்பு சட்டைக்குள் தேய்ந்துகொண்டே போனது. வீடு வீடாகப் போவதை மட்டும் விடவில்லை. அவனைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவரும், அவன் உட்காருவான், டம்ளர் வரும்.

மாசி மாதம் வாய்க்கால் வெட்டும் இடத்தில், எல்லோருக்கும் முன்னால், வாயிலிருந்து ரத்தமாகக் கொட்டி விழுந்தான். காளை வண்டியில் போட்டு, பிறகு பஸ்ஸில் ஏற்றி, காசநோய்ச் சானடோரியத்தில் சேர்த்தோம்.

அங்கிருந்த டாக்டர் திருவனந்தபுரத்துப் பக்கத்துக்காரர், வயதானவர். பழைய படத்தை எழுதி வரவழைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"போன வருஷத்து நெஞ்சுல ஒரு விலா முறிஞ்சு கூடியிருக்கு. இந்த வருஷம் அது முறியவே இல்ல. அதிசயம் அல்லே?"

எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தவன் நான். கை தானாக விலாவுக்குப் போனது.

"ஆருடைய நெஞ்சு இது?"

"என்னுதுதான் சார்."

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னைக்கு அவன் வந்திருந்தா ஒரு பக்கம்தான் கெட்டிருக்கும். கட்டில் இருந்தது, மருந்து இருந்தது" என்றார். பிறகு, "உன்ன போலீஸ்ல கொடுக்கணும். கொடுத்தா அவன் போய்க் குடிச்ச வீடெல்லாம் ஆரு காட்டித் தருவா?" என்றார். என்னையும் படம் எடுத்தார்கள். ஒரே அறையில் இரண்டு வருஷம் படுத்தும் சுத்தமாக இருந்தது. அவன் வாய் வைத்த டம்ளரையும் நான் தொட்டதே இல்லை. அம்மாவின் சுளித்த முகம் என்னைக் காப்பாற்றியிருந்தது. இதைவிடக் கேவலமாக ஒருவன் பிழைக்க முடியாது.

இருபது நாள் இருந்தான். கடைசியாகப் பார்த்தபோது குரல் காற்றாகத்தான் வந்தது. "தேதி முடியப் போகுதுல்லா? இந்த வருஷமும் எனக்குப் பதிலா நீ போவியாலே?"

"போவேன்."

"மச்சத்த மையில வய்யாத" என்றான். மறுநாள் செத்தான்.

அதற்கு மறுவாரம் சுகாதார உதவியாளர் ஒருவரோடு ஊருக்குப் போனேன். நோட்டைப் பிரித்து, "எந்தெந்த வீடு?" என்றார்.

"குடிக்காத வீட்டச் சொல்லுறது எளுப்பம்."

"செரி, அதச் சொல்லும்."

"ஒண்ணும் இல்ல."

வீடு வீடாக ஏறினோம். சில வீட்டில் அழுதார்கள், அவனுக்காக. எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அழுகை நின்றது. ஆற்றோரத்து வீட்டில் நான்கு வயதுப் பெண்குழந்தை, அவன் மடியில் முதலில் ஏறுகிறவள். அவளுக்கு ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல். பழைய துணிமேல் சுருண்டு படுத்திருந்தாள். அவள் அம்மா கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாருக்கு இந்தத் தீனம் உண்டுண்ணு ஒங்களுக்குத் தெரியுமா சாரே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உதவியாளர்கூட என் முழங்கையைத் தொட்டார்.

"தெரியும்."

"எப்பம்லேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். "அதாக்கும் நீங்க எங்க வீட்டுல வெள்ளம் குடிக்காதது" என்றாள்.

அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையான காரணம் அதைவிட மோசம் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவள் குழந்தைக்குப் பாவாடை மாற்றித் தலை வாரினாள். பஸ்வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கை நீட்டினேன்.

"வேண்டாம். நீங்க தொடாண்டாம் சாரே. தள்ளி வாருங்க."

வயல் வரப்பில் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். நான் பத்தடி தள்ளிப் பின்னால் போனேன். நெருங்கினால் நின்று திரும்பிப் பார்த்தாள், நானும் நின்றேன். என் அப்பாவைக் கண்டால் அவள் தாத்தா எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. அன்று அந்தத் தூரம் எனக்கு வந்தது. நியாயமாகத்தான் வந்தது.

படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், பார்த்துச் சொல்லப் பத்து நாள் ஆகும் என்றார்கள். என் ஒப்பந்தத்தில் ஆறு நாள் மிச்சம் இருந்தது. நீட்டிப்புக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏழாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினோராம் நாள் போய்க் கேட்டிருக்கலாம். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்றுவரை நான் கேட்கவில்லை.