குணலட்சுமி நடித்த படம்

நாற்பத்திரண்டு வருடங்களாக நடராசா தன் தங்கை குணலட்சுமியோடு ஒரு சொல்லுக் கதைத்ததில்லை. ஒரே வீடு, ஒரே கிணறு. அவள் சமைத்ததைத்தான் மூன்று நேரமும் சாப்பிட்டார். உப்புக் குறைந்தால், "உப்புக் காணாதெண்டு சொல்லு" என்று மனைவி உதயகலாவிடம் சொல்வார். குணலட்சுமி அகப்பையோடு இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். உதயகலா அதைத் திருப்பிச் சொல்லும்வரை அவளும் காது கேளாதவள் போல நிற்க வேண்டும். மானமுள்ள மனிசன் என்று கரவெட்டியில் அவரை மெச்சினவர்கள் உண்டு. நல்ல மானம்தான், போங்கள்!

அவள் செய்த குற்றம் ஒரு படத்தில் நடித்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு, அவளுக்கு இருபது வயது. ஊர் வாத்தியார் ஒருவர் கூட்டாளிகளைச் சேர்த்துப் படம் எடுத்தார். ஒரு காட்சிக்குப் பெண்பிள்ளை வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஓம் என்ற பிறகுதான் குணலட்சுமி போனாள். இடுப்பில் குடத்தோடு வேலிப் படலையடியில் நிற்க வேண்டும். கதாநாயகன் ரோட்டில் நின்று, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பான். "அண்ணை தோட்டத்தாலை இன்னும் வரேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். படலை சாத்தியபடியே இருந்தது. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது.

ஒரு கிழமைக்குள் ஊர் அந்தக் கதைக்குக் கண் மூக்கு வைத்தது. அவள் கிணற்றடியில் நனைந்த சேலையோடு நின்றாளாம், அவன் தண்ணீர் அள்ளி ஊற்றினானாம். சாவகச்சேரியில் பேசி முற்றாக்கியிருந்த மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள். நடராசாவுக்குப் பேசியிருந்த இடமும் அந்தப் பேச்சால் தவறியது. அன்றைக்கு அவளோடு வாயை மூடினவர்தான். படம் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்தானே என்று குணலட்சுமி காத்திருந்தாள். அடுத்த ஆடியில் கொழும்புக் கலவரம் வந்தது, படச்சுருள் எரிந்துபோனதென்றார்கள். ஒரு தியேட்டரிலும் ஓடாத படத்தை ஊர் முழுக்க அதற்குமுன்னரே பார்த்து முடித்திருந்தது. அவளுக்குப் பிறகு ஒரு வரனும் வரவில்லை.

இந்த வருடம் மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கோபிசங்கர் என்றொருவர் போன் எடுத்தார். பழைய வீடொன்றில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்குமாக ஒரு காட்சிச்சாலை திறக்கிறார்களாம்.

"அம்மா, உங்கடை படத்தின்ரை கொப்பி ஒண்டு லண்டனிலை கிடைச்சிருக்கு. பேர் போடேக்கை 'கரவெட்டி குணலட்சுமி' எண்டு வருது. திறப்பு விழாவிலை படத்தைப் போடுறம். கட்டாயம் வாங்கோ."

"முழுப்படமும் கிடக்கோ, தம்பி?"

"ஓம், துவக்கத்திலையிருந்து கடைசி மட்டும் கிடக்கு."

அவள் குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். பிறகு உதயகலாவின் கையைப் பிடித்தாள்.

"ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோ, மச்சாள். அதுக்குப் பிறகும் கதைக்காவிட்டால் பரவாயில்லை."

அது பொய். அண்ணன் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை மிஞ்சியிருக்கவில்லை. உதயகலா மூன்று நாள் அதையே நடராசாவிடம் சொன்னாள். நாலாம் நாள், "ஓட்டோவுக்குச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

காட்சிச்சாலையில் கதவு வைத்த மரப்பெட்டித் தொலைக்காட்சிகள், வீடுகளுக்கு வாடகைக்குப் போன வீடியோ டெக்குகள், கசட்டுகள், ஒரு தியேட்டரின் புரொஜெக்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. இந்தியாவைப் பிடிக்கப் பனை உயரத்துக்கு அன்ரனா கட்டின கதையை நடராசா அங்கு நின்றவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஊருக்கெல்லாம் அவர் நல்ல பகிடிக்காரர். கோபிசங்கர் குணலட்சுமியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அவள் முன்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

எழுத்தில் அவள் பெயர் வந்தது. கைதட்டினார்கள். நடராசா நிமிர்ந்து இருந்தார். தன் காட்சி வரும் இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கதாநாயகன் சைக்கிளை வேலியில் சாத்தினான். படலை தெரிந்தது. அவள் கண்ணை இமைக்கவில்லை. அடுத்த கணம் அவன் பருத்தித்துறைக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தான். பிறகு வரும் என்று பார்த்தாள். சுபம் என்று போடும்வரை பார்த்தாள். விளக்கைப் போட்டார்கள்.

"எந்த இடத்திலை வந்தனீங்கள், அம்மா? நான் கவனிக்கேல்லை" என்று கோபிசங்கர் குனிந்து கேட்டார்.

"படலையடியிலை... குடத்தோடை."

"அப்ப வெட்டுப்பட்டிருக்கும். படம் நீளமெண்டால் உப்பிடிச் சின்னச் சின்ன இடங்களைத்தான் முதல் தூக்குவினம். அதுக்கென்ன, பேர் வந்ததுதானே?"

இல்லாவிட்டாலும் படத்துக்கு ஒரு குறையும் வராத ஒரு காட்சி. அதற்காகத்தான் அவளுடைய கலியாணமும் பிள்ளைகுட்டியும் போயின. அவள் மெல்லத் திரும்பினாள். நடராசா எழுந்து நின்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் சொல்வதை வாங்கிச் சொல்ல உதயகலா கிட்ட வந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"பேர் கிடக்கு, ஆளைக் காணேல்லை. சென்சார்காரனே பாக்கேலாமல் வெட்டி எறிஞ்சிருக்கிறான். அப்ப நீ என்னத்தையடி காட்டினனீ?"

நேரே அவளிடம்தான் கேட்டார். அந்தக் குரல் தன்னை நோக்கி வந்தபோது ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதுதான் பெரிய கொடுமை. சொன்னது என்னவென்று பிறகுதான் உறைத்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"ஒண்டும் காட்டேல்லை, அண்ணை" என்று அவள் சொல்லும்போது அவர் வாசலைத் தாண்டி ஓட்டோவில் ஏறிவிட்டார்.

உதயகலா அவளுடைய தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"உந்தப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளை வராதை. இனிப் படத்தைப் பத்தி ஆரோடையும் வாய் திறவாதை" என்றாள்.