மை உலரும் வரை

எழுதிய எண்ணின் மேல் ஊதுகிறாள் வோலா. சூடான கஞ்சியை ஆற்றுவதுபோலக் குறுகிய மூச்சாக மூன்று முறை ஊதுகிறாள். நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு லிட்டர் என்று எழுதியாயிற்று. இனி அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். தொட்டியில் விழும் நீரின் திவலைகள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும் சோதனைக் கூடம் அது. மை உலராமல் பக்கத்தைத் திருப்பினால் எண்கள் நீலக் கறையாகிவிடும். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பக்கம் அப்படித்தான் போயிற்று. இருபத்திரண்டு பம்புகளை மறுபடி ஏற்றி, ஓட்டி, இறக்கினாள். அதற்குப் பின் அவள் ஊதாமல் விட்ட எழுத்து இல்லை. தபால் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும் ஊதித்தான் கொடுக்கிறாள்.

முழுப்பெயர் வோலாதியானா ரசோவாமனானா. ஊர் மடகாஸ்கரில் அன்த்சிராபே. வயது இருபத்து நான்கு. பொறியியல் படிப்பின் கடைசி ஆண்டில் ஆறு மாதப் பயிற்சிக்காக, சீனாவில் வென்லிங் நகருக்கு வடக்கே இருக்கும் இந்த பம்ப் தொழிற்சாலைக்கு ஜனவரி 5, திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தாள். ஜூன் 30 அன்று விசா முடிகிறது. அதற்குள் பயிற்சி முடித்த சான்றிதழை வாங்கியாக வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் ஒருவரை ஒரு தடவைதான் அனுப்பும். இது கைவிட்டுப் போனால் ஐந்து ஆண்டுப் படிப்பும் அங்கேயே நின்றுபோகும்.

சோதனைத் தாளில் பயிற்சிக்கு வந்தவர் பெயரை எழுத இடம் இல்லை. அவள் ஓட்டிப் பார்த்த இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தொரு பம்புகளும் தரச் சோதனைப் பிரிவின் தலைவர் ஃபாங் மேஸ்திரியின் பெயரில்தான் இருக்கின்றன. அவள் இங்கே இருந்ததற்கு எழுத்தில் சாட்சி இல்லை. படங்களில் மட்டும் நிறைய உண்டு. வாடிக்கையாளர்கள் வரும் நாட்களில் அவளுடைய மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றி, பொறியாளர்களுக்குரிய வெள்ளைக் கவசத்தை மாட்டி, பெரிய பம்பின் பக்கத்தில் நிறுத்துவார்கள். "எங்க வெளிநாட்டு நிபுணர்" என்று முதலாளி லூ கை காட்டுவார். அவள் தலையசைப்பாள். கார் வாசலைத் தாண்டியதும் வெள்ளைக் கவசம் அலமாரிக்குப் போய்விடும். மொத்தம் பத்தொன்பது தடவை நிபுணராக நின்றிருக்கிறாள்.

அழைப்புகளுக்கும் குறைவில்லை. இதுவரை ஏழு திருமணங்களுக்குப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த மாப்பிள்ளை ஒருவர்தான். மற்ற ஆறிலும் பெண் வீட்டாருக்குப் பக்கத்து மேசையில் அவளை உட்காரவைத்து, கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "நம்ம பாஷையில ரெண்டு வார்த்தை பேசும்மா!" என்றார்கள். பேசினாள். கைதட்டினார்கள். பிறகு அவளுடைய சடைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். பூங்காவில் மாலை நடனம் ஆடும் பெண்களோடு போய் நான்காம் வரிசையில் நின்றாள். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் தலைவி அவளை முதல் வரிசையின் நடுவுக்கு இழுத்து வந்தாள். நான்காம் நாள் அவள் போகவில்லை.

வேடிக்கை பார்க்காமல் அவளைப் பார்ப்பவர் உணவுக்கூடத்து மியாவ் அக்கா ஒருவர்தான். சட்டியின் அடியில் பிடித்த சோற்றின் மேல் வெந்நீர் ஊற்றிக் குடிப்பது வோலாவின் ஊர் வழக்கம். முதல் தடவை அதைக் கேட்டபோது அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அடி பொண்ணே, எங்க அம்மா இதத்தான் குடிச்சாங்க. உன் ஊரு எங்க இருக்கு, அடுத்த தெருவுலயா?" என்றார். அன்றிலிருந்து அடிச்சோறு அவளுக்கென்று தனிக் கிண்ணத்தில் இருக்கும். கூடவே ஒரு தொல்லையும் உண்டு. "எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். குட்டைதான். ஆனா சொந்த லாரி வச்சிருக்கான். ஏறி உக்காந்துட்டா உயரம் தெரியவா போகுது?"

மே 12 அன்று இந்தக் கதைகள் எல்லாம் நின்றன. முதலாளி லூவும், அவருடைய மச்சானும் தொழிலில் பங்குதாரருமான ஜின்னும் கூட்ட அறையில் முக்கால் மணி நேரம் கத்திக்கொண்டார்கள். வெளியே வந்த ஜின்னின் கையில் ஒரு கறுப்புத் தோல்பை இருந்தது. நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரை அதற்குள் இருந்தது; அது விழாத தாள் எங்கும் செல்லாது. அன்றிலிருந்து தொழிற்சாலையிலிருந்து ஒரு தாளும் வெளியே போகவில்லை. பம்புகள் ஓடின, தாள்கள் ஓடவில்லை.

வோலா தினமும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். ஜூன் 8 அன்று லூ தாமே நிறுவனத் தாளில் எட்டு வரிகளில் சான்றிதழை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். "என் கையில இருக்கறது இவ்வளவுதாம்மா. சிவப்ப அவன்கிட்டதான் கேக்கணும்." மூன்றாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. ஹாங்சோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் கையெழுத்திட்ட கடைசித் தாள் வோலாவின் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

ஜூன் 13, சனிக்கிழமை. மழையில் மியாவ் அக்காவின் மின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஜின் வீட்டுக்குப் போனாள். ஜின் எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது, நாவல்பழ நிறத்தில் ஒரு தட்டு யாங்மெய் பழமும் வந்தது. கறுப்புத் தோல்பை அவர் மடியில் இருந்தது.

"முத்திரையா? எங்கிட்ட எங்க இருக்கு? யாரு சொன்னா?"

"அப்ப மடில இருக்கறது என்ன, சாப்பாட்டு டப்பாவா?" என்றார் மியாவ் அக்கா. "இந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு தடவ அழுத்துங்க முதலாளி. சத்தம்கூட வராது."

"அழுத்தினா அது எங்கிட்ட இருக்குன்னு ஆயிடும். கோர்ட்டுல கேஸ் நடக்குது. இல்லாதத எப்படி அழுத்துறது? பழம் எடுத்துக்குங்க, காலையில பறிச்சது."

வோலா உறையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். "ஐயா, இந்த ஒரு தாள் மட்டும். வேற எதுவும் கேக்கல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஜின் தாளை முழுக்கப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகம் உண்மையாகவே வாடியிருந்தது. "மச்சான் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பழத்தை ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தார். "உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வச்சுச் சாப்பிடும்மா. புழு இருந்தா வெளிய வந்துடும்."

வழியில் மியாவ் அக்கா மழைக்கு மேல் கத்தினார்: "புழு கூடையிலயா இருக்கு? நாற்காலியில உக்காந்து டீ குடிக்குது!" வோலா சிரிக்கவில்லை. அறைக்கு வந்து பழத்தை உப்பு நீரில் போட்டாள். புழு எதுவும் வரவில்லை. முழுக்கூடையையும் தனியாக உட்கார்ந்து தின்றாள். விரல் நுனிகளில் சிவப்பு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அம்மாவோடு பேசினாள். பட்டமளிப்புக்கான வெள்ளை மேல்துணி வாங்கியாகிவிட்டது, பக்கத்து வீட்டார் இப்போதே "இஞ்சினியரம்மா" என்கிறார்கள் என்றார் அம்மா. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள் வோலா. சுவர் மூலையில் அவளுடைய தோல் காலணி பூசணம் பூத்து வெளுத்திருந்தது. அன்று மாலை, நடந்ததை எல்லாம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள்.

ஜூன் 23, செவ்வாய்க்கிழமை. வந்து சேர்ந்ததிலிருந்து நூற்று எழுபதாவது நாள். காலையில் கைப்பேசியைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. மூன்றே வரிகள். நிலைமையைக் கருதி முதலாளியின் கையெழுத்து மட்டும் போதும். மூலத்தாள் ஜூலை 15க்குள் வந்துசேர வேண்டும். நிறுவன முத்திரை தவிர வேறு எந்த முத்திரையோ குறியோ இருந்தால் தாள் செல்லாது. மூன்றாம் வரி தடித்த எழுத்தில் இருந்தது.

சோதனைக் கூடத்துக்கு ஓடினாள். "மேஸ்திரி! கையெழுத்தே போதுமாம்! முத்திரை வேண்டாமாம்!" ஃபாங் மேஸ்திரி பம்பை நிறுத்திவிட்டு வந்து அவள் தோளைத் தட்டினார். மூன்றாம் வரியை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மழைக்கால ஈரத்தில் உறைக்குள் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மறுநாள் அனுப்ப வேண்டிய தாள். அதை வெளியே எடுத்து, மேஸ்திரியின் கண்ணாடி அறை மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் பித்தளைத் திருகுமரைகளை வைத்தாள். "மேஸ்திரி, நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பன்னிரண்டு ஐந்துக்குப் போனாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பினாள். கண்ணாடி அறையில் நான்கு பேர் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தாளில் நான்கு சிவப்பு முத்திரைகள் இருந்தன. தரச் சோதனை, கிடங்கு, கருவி அறை, தொழிற்சங்கம். தரச் சோதனை முத்திரை லூவின் கையெழுத்துக்கு மேலேயே விழுந்திருந்தது. "தரம் சரி. சோதித்தவர் எண் 3."

"போதும்னு அவங்க ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க," என்றார் ஃபாங் மேஸ்திரி. "நாளைக்கு நீ ஒரு ஆபீஸ்ல போய் நிக்கும்போது, சிவப்பு எங்கன்னு ஒருத்தன் கேப்பான். அப்ப உனக்கு யாரு இருக்கா? அதான் எல்லாரையும் கூப்பிட்டேன். இது என்னோடது. இருபத்தாறு வருஷமா பம்புக்குத்தான் போட்டிருக்கேன். மனுஷங்கள்ல நீதான் மொதல் ஆளு."

"நேரா விழுந்துச்சா பாரும்மா," என்றார் கிடங்குக்காரர். "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்."

செல்லாது என்பதற்கு இந்த ஊர்ச் சொல் வோலாவுக்கு நன்றாகத் தெரியும். தேறாத பம்புகளின் மேல் தினமும் அந்தச் சீட்டை ஒட்டுகிறாள். வாயைத் திறந்தாள். நான்கு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. முதலாளி லூ இனி எழுத மாட்டார். ஜூன் 30க்கு ஏழு நாட்கள் இருந்தன.

"நேராத்தான் இருக்கு," என்றாள். "ரொம்ப நன்றி."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மியாவ் அக்கா வந்தார். மேலங்கியில் மாவு. கையில், ஈரத் துணியில் சுற்றிய உணவுக்கூட முத்திரை.

"என்னை விட்டுட்டீங்களா? ஆறு மாசம் சோறு போட்டது யாரு, இந்தக் கிடங்குக்காரனா? இவன் போட்டதெல்லாம் துரு! தள்ளுங்கய்யா!" மேசையருகே வந்ததும் அவர் வேகம் குறைந்தது. "எங்க போடுறது பொண்ணே? நீங்க எல்லாரும் இடத்த அடைச்சிட்டீங்களே."

வோலா தாளைப் பார்த்தாள். மூலையிலிருந்த மரைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தாளை அக்காவின் பக்கம் திருப்பினாள். கீழே இடது ஓரத்தில், எட்டாம் வரிக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக ஓர் இடம் மிச்சமிருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, தாள் நழுவாதபடி இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மியாவ் அக்கா மூச்சைப் பிடித்து முத்திரையை அழுத்தி எடுத்தார். எண்ணெய் கலந்த சிவப்பு மை, மெல்லத்தான் உலரும்.

வோலா குனிந்து அதன் மேல் ஊதினாள். குறுகிய மூச்சாக மூன்று முறை.